ஒரு கண் குறைவு

நீலச்சட்டைக் கொம்பையாவும் பச்சைச்சட்டை அருள்ராயனும்
எதிரெதிர் ஷோரூம் வாசலில் நின்று
காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.
"மூணு கண்ண முக்கோணமா வச்சது எங்க கம்பெனிலா.
ஓரத்த வளைச்சதும் நாங்கதான்.
போன வருசமே பதிஞ்சாச்சு வே."
"வளைவுக்கு எவம்வே பட்டா குடுத்தான்?"
டெல்லியில் வழக்கு நடக்கிறதாம்.
வாய்தா நாட்களில்
வண்ணார்பேட்டையில் வெயில் கொஞ்சம் கூடுதல்.

நான் கவர் விற்கிறவள்.
சட்டம் தெரியாது, ஓட்டை தெரியும்.
பச்சைக்காரன் போனுக்குக் கவர் தீர்ந்த அன்று
நீலக்காரன் கவரை எடுத்து மாட்டினேன்.
டக்கென்று உட்கார்ந்தது.
கேமராவுக்குக் கேமரா, பொத்தானுக்குப் பொத்தான்.
சார்ஜர் குத்தும் இடத்தில் மட்டும்
அரை அரிசி அளவுக்கு இழுபறி.
அந்த அரை அரிசிதான் இரண்டு கம்பெனிக்கும்
மானம் என்று நினைக்கிறேன்.
பிளேடால் சீவிக் கொடுத்தேன்.
நூற்றிருபது ரூபாய்.

இதைச் சொல்லிச் சொல்லி மூன்று மாதம் சிரித்தேன்.
டீ கொண்டுவரும் பையனிடம்கூட.

ஆவணியில் ஒருநாள்
பக்கத்துக் கடைப் பிரம்மநாயகத்தின் கொக்கியில்
என் பாலம் தொங்கிக்கொண்டிருந்தது.

என் பாலம் என்றால்,
யாவாரம் இல்லாத ஒரு மழை மத்தியானம்
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்
நான் பேனாவால் கிறுக்கிய சுலோச்சனா முதலியார் பாலம்.
போட்டோ எடுத்து, கவரில் அச்சடித்து,
காலேஜ் பிள்ளைகளுக்கு விற்றது.
தாள் போதாமல் ஒரு கண்ணைக் குறைத்திருந்தேன்.
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.
தினமும் அதன்மேல் போய் வருகிறவர்களுக்கு
அடியில் இருப்பது எப்படித் தெரியும்?

அவர் கடைப் பாலத்திலும் அதே கண் இல்லை.

காது சூடாகிவிட்டது எனக்கு.
கரண்ட் பில்லைக்கூடக் கடையிலேயே விட்டுவிட்டு
நேரே போய் நின்றேன்.
"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க,
எங்கேருந்து எடுத்திய?"
"நான் என்னத்தக் கண்டேன் ஜெபக்கனி,
பொட்டில வந்துது."
இழுத்துக் காட்டினார். டெல்லி மொத்தக்கடை அட்டைப்பெட்டி.
பில்லில் ஐந்தாவது வரி:
லண்டன் பிரிட்ஜ், ஐம்பது உருப்படி.

லண்டனாம்!
தாமிரபரணியை வாயில் ஊற்றிக் கழுவ வேண்டும்
அந்த பில் எழுதினவனை.

அருள்ராயன் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான்.
விற்பனைக்கு வைத்த போனிலேயே தேடிப் பார்த்துவிட்டு
"அவன் சொன்னதுல பாதி சரிக்கா" என்றான்.
நம்ம பாலமே லண்டனில் ஒரு பாலத்தைப் பார்த்துக் கட்டியதாம்.
அதை எப்போதோ இடித்துவிட்டார்களாம்.
"அசல் போயிட்டு. நகல் மேலதான்
நம்ம பஸ்ஸு ஓடுது."
கொம்பையா அங்கிருந்தே கத்தினான்:
"இதையும் உங்க கம்பெனிதான் கண்டுபிடிச்சுதா வே?"

அன்று ராத்திரி தூக்கமில்லை.
லண்டன்காரன் கோபித்திருந்தால்
நான் எந்த வழியாக ஜங்ஷன் போவேன் என்று யோசித்தேன்.
யோசித்தும் கோபம் இறங்கவில்லை.
ஊரார் பாலம் வேறு,
என் பேனா விட்ட தப்பு வேறு.
அந்தத் தப்பு என்னுடையது,
அதையுமா எடுப்பார்கள்?

மறுநாள் கொக்கிரகுளத்துப் படித்துறையில் நின்று
கண்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்.
துணி துவைத்தவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.
புதிதாக வரைந்தேன், ஒன்றுகூட விடாமல்,
மூலையில் சின்னதாக 'ஜெ' போட்டு.

பத்து நாளாகத் தொங்குகிறது.

நேற்று ஒரு பெண்பிள்ளை
நீலக்காரன் போனோடு வந்தாள். புரட்டிப் பார்த்தாள்.
"இது நெருக்கமா இருக்குக்கா,
பக்கத்துக் கடையில ஒரு பாலம் பாத்தேன்லா,
அத மாதிரி இல்லையா?"

மேசைக்கு அடியில் மிச்சமிருந்த
பழையதை எடுத்துக் கொடுத்தேன்.
நூற்றிருபது என்றேன்.
"அங்க நூறுதாங்க்கா."